விடை எழுதிய அட்டைகள்

2006 மார்ச் 2, வியாழன்

இன்றைக்கும் தூக்குவாளி நிரம்பியே திரும்பி வந்தது. காலை ஆறரைக்கு அம்மா அதை அடுப்பு மேடையில் வைத்த சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. காலி வாளி என்றால் டங்கென்று சத்தம் வரும். கூழ் இருந்தால் வராது.

"பதினாறு பேரு போதும்னுட்டான் பாவாடை" என்றாள். அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு எழுந்து, மூன்றரைக்குக் கிளம்பி, நாலு கிலோமீட்டர் இருட்டில் நடந்து, மேஸ்திரி பாவாடையின் முகத்தைப் பார்த்துவிட்டு, அதே நாலு கிலோமீட்டர் திரும்பி நடந்து வந்திருக்கிறாள். எங்கள் தெருவிலிருந்து முப்பத்துநாலு பெண்கள் உப்புக் கூடை சுமக்கப் போகிறார்கள். பாவாடை தனக்கு வேண்டியவர்களை, கழுத்து நிமிர்ந்த சின்ன வயசுக்காரிகளை, விரல் நீட்டிப் பொறுக்குவான். மீதிப் பேர் வந்த வழியே வரலாம். அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. முழங்கால் வேறு வீங்கியிருக்கிறது.

நான் ஏழரை பஸ் ஏறிவிட்டேன். கோட்டக்குப்பத்தில் சாஃப்ட்வேர் ஆபீஸ். துபாயில் இருக்கும் யாரோ ஒருவரின் மாடி வீடு. எட்டு கம்ப்யூட்டர், எட்டு பேர், ஒரு வாஷ்பேசின். எங்கள் தலைவர் சித்தார்த்தன் சென்னையில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய்விட்டு இன்று திரும்பினார். மனிதர் ஆளே மாறிவிட்டார். இனி நாற்காலியில் உட்கார்ந்து மீட்டிங் கிடையாதாம். நின்றுகொண்டுதான் பேச வேண்டுமாம். ஒரு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவளிடம் சொல்கிறார்.

மார்ச் 6, திங்கள்

நின்றோம். நாற்பத்தைந்து நிமிடம். பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று அவரே சொல்லி, அதை விளக்கவே முப்பது நிமிடம் எடுத்துக்கொண்டார்.

மார்ச் 15, புதன்

புது வேலை வந்திருக்கிறது. ஒரு டிரஸ்ட்டின் பணம், சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரைக்கு வந்து குவிந்ததில் மிச்சம். அவர்கள் பக்கத்திலிருந்து தேவநாதன் என்று ஒருவர். வெள்ளை ஜீப், கழுத்தில் மூன்று கயிறு, மூன்றிலும் மூன்று அடையாள அட்டை. மரக்காணத்தில், எங்கள் தெருவை ஒட்டி, அவர்கள் நடத்தும் தகவல் மையத்தில் ஒரு கம்ப்யூட்டரும் கூரை மேல் ஒரு ஒலிபெருக்கியும் இருக்கின்றன. "உப்பளத் தொழிலாளர்களுக்கு ஏதாவது பண்ணணும்" என்றார் தேவநாதன். அந்த 'ஏதாவது' என்கிற வார்த்தை ஒன்றுதான் இன்று முழுக்க யாராவது உருப்படியாகப் பேசியது.

அதோடு விட்டாரா சித்தார்த்தன்? ஒரு கட்டு மஞ்சள் அட்டையை எடுத்தார். இதுதான் அஜைல் என்கிற புது வேலைமுறையாம். ஒவ்வொரு அட்டையிலும் ஒரே வாக்கியம், மூன்று கோடிட்ட இடம்: '______ ஆகிய எனக்கு ______ வேண்டும், ஏனென்றால் ______.' யார், என்ன வேண்டும், எதற்கு. பிறகு ஒவ்வொரு அட்டைக்கும் எத்தனை பாயிண்ட் உழைப்பு என்று ஓட்டுப் போட வேண்டும். இரண்டு வாரத்துக்கு இத்தனை பாயிண்ட் என்று செய்துகொண்டே போக வேண்டும்.

நல்ல முறைதான். நானும் நெட்டில் படித்துப் பார்த்தேன். முதலில் மனிதனைக் கேள், அவன் சங்கடம் என்ன என்று கேள், விடையை முன்கூட்டியே முடிவு பண்ணாதே என்றுதான் அதில் போட்டிருக்கிறது. நம்ம ஆள் என்ன செய்தார்? நடுக் கோட்டை முதலில் நிரப்பினார். 'டச் ஸ்கிரீன்.' பிறகு முதல் கோடு: 'உப்பளத் தொழிலாளி.' மூன்றாவது கோட்டுக்கு மட்டும் பேனாவைக் கடித்துக்கொண்டு பத்து நிமிடம் கூரையைப் பார்த்தார். கடைசியில் எழுதினார்: 'ஏனென்றால் சென்னையில் உப்பு விலை தெரிய வேண்டும்.'

உப்பு விற்கிறவன் முதலாளி. எங்கம்மா தலையில் சுமக்கிறவள். சென்னையில் உப்பு என்ன விலைக்குப் போனால் அவளுக்கு என்ன? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு.

இதை எழுந்து நின்று சொல்லியிருக்கலாமே, செல்வி? ஏற்கெனவே நின்றுகொண்டுதானே இருந்தாய்?

சொல்ல முடியாது. இந்த வேலைக்கான இன்டர்வியூவில் சித்தார்த்தன் கேட்டார், "அம்மா என்ன பண்றாங்க?" நான் சொன்னேன், "ஹவுஸ் ஒய்ஃப் சார்."

மார்ச் 22, புதன்

இந்த மாதத்தில் ஒன்பதாவது தடவை நிறை வாளி. அந்தக் கூழைத்தான் நானும் குடித்துவிட்டுப் போகிறேன்.

மார்ச் 28, செவ்வாய்

சுவரில் இப்போது இருபத்தாறு அட்டைகள். மருந்துக்குக்கூட ஒன்றிலும் ஒரு கேள்வி இல்லை. 'கலர் கிராஃப்.' 'மூன்று மொழியில் மெனு.' 'உப்பின் வரலாறு — வீடியோ.' இதைத் தேவநாதன் கேட்டாராம். உப்பின் வரலாற்றைப் பார்த்து அழவா எங்கள் தெருப் பெண்கள்?

பொறுக்க முடியாமல் நானும் ஒரு அட்டை எழுதி ஒட்டினேன். நடுக் கோட்டைக் காலியாக விட்டேன். 'உப்பளத்தில் கூடை சுமக்கிற எனக்கு ______. ஏனென்றால் வாரத்தில் மூன்று நாள் எட்டு கிலோமீட்டர் சும்மா நடக்கிறேன்.'

சித்தார்த்தன் அதை இரண்டு தடவை படித்தார். "செல்வி, இதுல ஃபீச்சர் எங்க?"

"தெரியல சார். அதைத்தான் கண்டுபிடிக்கணும்."

"அப்ப எத்தனை பாயிண்ட்டுன்னு எப்படி ஓட்டுப் போடறது?"

"போட முடியாது சார்."

"பாயிண்ட் போட முடியலன்னா அது கார்டே இல்லம்மா" என்று சொல்லி, அட்டையைப் பிய்த்து, பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது என்பதால் அதில் மதியச் சாப்பாட்டுக் கணக்கெடுத்தார். நாலு தயிர்சாதம், மூணு பிரியாணி. அதற்கெல்லாம் பாயிண்ட் போட முடிகிறது.

ஏப்ரல் 7, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். பஸ்ஸில், கூனிமேடு தாண்டும்போது.

பாவாடையிடம் மொபைல் இருக்கிறது. சாயங்காலம் அவன் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் போதும் — 'உண்டு' அல்லது 'இல்லை', எத்தனை பேர். அது தகவல் மையத்துக் கம்ப்யூட்டருக்கு வரும், ஏழு மணிக்கு ஒலிபெருக்கி தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லும். வேலை இல்லாத நாள் யாரும் நடக்க வேண்டாம். இவ்வளவு எளிதான விஷயம் இந்தக் கூமுட்டைகள் எவருக்கும் தோன்றவில்லை!

புது அட்டை எழுதி, நடுக் கோட்டையும் நிரப்பிக் கொடுத்தேன். சித்தார்த்தன் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தியா, இப்பதான் கார்டு மாதிரி இருக்கு." எட்டு பாயிண்ட்.

அவர் பாராட்டியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

(இந்தக் கடைசி வரி மே மாதத்தில் சேர்த்தது.)

ஏப்ரல் 14, வெள்ளி

பெரிய வெள்ளி. ஞாயிறும் மழைக்காலமும் தவிர, வருஷத்தில் அம்மா உப்பளத்துக்குப் போகாத ஒரே நாள். இன்றும் மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

ஏப்ரல் 19, புதன்

தேவநாதன் பாவாடையை மையத்துக்கு வரவழைத்துப் பேசினார். நான் போகவில்லை, அவனுக்கு என்னைத் தெரியும். வாக்குவாதம் பண்ணுவான், அது இது என்று இழுப்பான் என்று பயந்துகொண்டிருந்தேன். உடனே ஒத்துக்கொண்டானாம். "நல்ல விஷயமுங்க, நம்ம ஜனங்களுக்கு செய்யாம?" என்றானாம். எனக்கு அப்படியே உச்சி குளிர்ந்துவிட்டது. மேஸ்திரியும் மனுஷன்தானே, இவ்வளவு நாள் கேட்பாரில்லாமல் இருந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் மூளைக்கு ஒரு கும்பிடு.

ஏப்ரல் 29, சனி

மூன்று நாளாக ஒலிபெருக்கி பேசுகிறது. 'நாளை உப்பள வேலை உண்டு. நாற்பது பேர்.' தெருவே கேட்கிறது. கம்ப்யூட்டரில் நான் எழுதிய நிரல்! நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் அம்மா குறைந்தா போய்விடுவாள்?

மே 6, சனி

ஒன்பது நாளாக ஒரு நாள்கூட 'இல்லை' என்று வரவில்லை.

எப்படி வரும்? பாவாடை தினமும் 'உண்டு, நாற்பது' என்று அடிக்கிறான். உள்ளே வேண்டியது பதினாறோ இருபதோ. அவனுக்கு ஆட்கள் கூட்டமாக வந்து நிற்க வேண்டும், அப்போதுதானே பொறுக்கி எடுக்கலாம்! வாயைத் திறக்காத, நாலு கூடை சேர்த்துச் சுமக்கிற, 'அண்ணே அண்ணே' என்கிறவளாகப் பார்த்துப் பொறுக்கலாம். இதுவரை அவனே தெருவில் ஆள் விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது நான் அவனுக்கு ஒலிபெருக்கி கட்டிக் கொடுத்திருக்கிறேன். அது பக்கத்து ஊர் வரை கேட்கிறதாம். அங்கிருந்தும் பதினேழு பேர் வருகிறார்கள். முப்பத்துநாலு ஐம்பத்தொன்று ஆகிவிட்டது. இந்த வாரம் அம்மா ஆறு நாள் நடந்தாள். வேலை கிடைத்தது ஒரு நாள்.

வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதை. மடி என்னுதா? இல்ல, அம்மாவோடது.

இதையெல்லாம் கேட்காமல் ஒரு அட்டையில் எழுதி எட்டு பாயிண்ட் வாங்கினவள் யார்? சித்தார்த்தனா?

மே 11, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு ஜீப்பில் உப்பளத்துக்குப் போனோம். தேவநாதன், சித்தார்த்தன், நான். டிரஸ்ட்டுக்கு அனுப்ப போட்டோ வேண்டுமாம். 'எண்ட் யூசரோடு' நிற்கிற மாதிரி. வேண்டாம் என்று தலைவலி, வயிற்றுவலி எல்லாம் சொல்லிப் பார்த்தேன். "நீதானேம்மா இந்த ஐடியா கொடுத்த, நீ இல்லாமலா?"

ரோட்டைவிட்டுத் திரும்பும் இடத்தில் எதிரே வந்தார்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்கள், முப்பது பேருக்கு மேல், கையில் தூக்குவாளியோடு. நான் சீட்டில் கீழே குனிந்தேன். சித்தார்த்தன் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கி, என்னையும் இறங்கச் சொன்னார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டு முன்னால் வந்த பெண்ணிடம் கேட்டார்: "ஏம்மா, மைக்குல சொல்றாங்களே, அந்த சிஸ்டம் எப்படி இருக்கு?"

முன்னால் வந்தது அம்மா.

அம்மா என்னைப் பார்த்தாள். என் கழுத்தில் தொங்கும் ஆபீஸ் அட்டையைப் பார்த்தாள். அப்புறம் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, அவரிடம் இல்லை, என்னிடம் சொன்னாள்:

"நல்லா இருக்குதுங்க மேடம்."

மேடம்.

பின்னால் வந்தவர்களில் எங்கள் தெருக்காரிகள் எல்லாருக்கும் என்னைத் தெரியும். நான் மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்ததிலிருந்து தெரியும். ஒருத்தி, ஒரே ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. நானும்தான். சித்தார்த்தன் நோட்டில் எழுதினார்: 'யூசர் ஹேப்பி.' போட்டோ எடுத்தார்கள். அம்மா, அம்மா பக்கத்தில் நான், நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவு இடைவெளி.

சாணி தின்னலாம்டீ நீ. உன் படிப்புக்கும் உன் இங்கிலீஷுக்கும்.

மே 12, வெள்ளி

லீவு போட்டேன். அம்மாவிடம் கேட்டேன், "ஏம்மா அப்படிச் சொன்ன?"

"நீ என்னைப் பார்த்ததும் வண்டிக்குள்ள குனிஞ்ச. ஆபீஸ்ல வேற மாதிரி சொல்லி வச்சிருக்கறன்னு புரிஞ்சிடுச்சி. வுடு."

"திட்டேன்ம்மா."

"திட்டி? கால் வலி போயிடுமா?"

திட்டியிருந்தால் தேவலை. பிறகு முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். அதற்கும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேதான் காலை நீட்டினாள்.

மே 14, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது தெய்வநாயகியக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எங்கள் தெருக்காரிதான், இப்போது உப்பளத்தை ஒட்டினாற்போல் குடிசை போட்டிருக்கிறாள். முப்பத்துநாலில் ஒருத்தி, வாய் சாஸ்தி. அன்று ஜீப் பக்கத்திலும் இருந்தாள். "என்னா மேடம், சௌக்கியமா?" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

அட்டை இல்லை, பேனா இல்லை. "அக்கா, திருப்பி அனுப்பற நாள் என்ன நடக்குது? முதல்லேந்து சொல்லு" என்றேன். இரண்டு மாதமாக எட்டு பேர் தலையைப் பிய்த்துக்கொண்டோமே, இந்த ஒரு கேள்வியை ஒருத்தரும் கேட்கவில்லை.

அவள் சொன்னது: நாளைக்கு எந்தப் பாத்தியில் உப்பு வாரணுமோ, அந்தப் பாத்தி வரப்பில் இன்று சாயங்காலமே ஆம்பளைகள் ஒரு பனங்குச்சியை நட்டுவைப்பார்கள். காலையில் இருட்டில் வருகிறவனுக்குப் பாத்தி மாறிவிடக் கூடாது என்று. ஒரு பாத்திக்கு நாலு கூடை, நாலு பேர். எந்தக் காலத்திலும் அதுதான். ஆறரைக்கு அவள் குடிசை வாசலில் நின்றாலே குச்சிகள் தெரியும். நாலு குச்சி நின்றால் பதினாறு பேர். அஞ்சு நின்றால் இருபது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப எத்தனை பேருக்கு வேலைன்னு உங்களுக்கு முந்தின நாளே தெரியுமா?"

"தெரியாம என்னா? எல்லாத்துக்கும் தெரியும்."

"அம்மா, உனக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் எல்லாரும் போறீங்க?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "நான் போகாம வூட்ல இருந்தா, போனவளுக்குத்தானே கெடைக்கும்?" என்றாள் அம்மா. "இன்னிக்கு வரலன்னு அவன் நாளைக்கும் சேர்த்து ஒதுக்கிடுவான். யாரு நின்னுக்கறது, யாரு போறது? அதை யாரு சொல்றது?"

ஆக, அவர்களுக்குத் தகவல் குறைவே கிடையாது. பாவாடை எஸ்.எம்.எஸ். அனுப்புவதற்கு முன்பே, நான் பிறப்பதற்கு முன்பே, அந்தத் தகவல் வரப்பில் நட்டு நின்றுகொண்டிருக்கிறது. நான் மேஸ்திரியிடம் ஆள் விட்டுக் கேட்டேன். போகாத ஊருக்கு வழி கேட்டேன், அதுவும் திருடனிடம்.

அவர்களுக்கு வேண்டியது, இன்றைக்கு யார் முறை என்பதை எல்லாரும் நம்புகிற மாதிரி ஒருத்தர் சொல்வது. "முறை வச்சிக்கலாமா அக்கா?" என்றேன். "நாங்க பேசாததா? ரெண்டு தடவை ஆரம்பிச்சி ரெண்டு தடவையும் அடிச்சிக்கினோம். லிஸ்ட்டு எழுதறவ தன் பேரை ரெண்டு தடவை எழுதிக்கினா. மிஷினு எழுதுனா சண்டை வராதுல்ல?" என்று அவளே கேட்டாள்.

மே 16, செவ்வாய்

நின்றுகொண்டு நடக்கிற மீட்டிங்கில், ஏழு பேர் முன்னால் சொன்னேன். "வியாழக்கிழமை போட்டோவுல என் பக்கத்துல நிக்கிறது எங்கம்மா."

எல்லாரும் செருப்பைப் பார்த்தார்கள். சித்தார்த்தன் மட்டும், "ஏம்மா சொல்லல?" என்றார்.

'நீங்க கேட்கவே இல்ல' என்று சொல்ல வாய் வரை வந்தது. எவ்வளவு அழகான பதில்! ஆனால் அவர் கேட்டார். இன்டர்வியூவில் கேட்டார். இந்த ஆபீஸில் அந்த ஆள் கேட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான், அதற்கு நான் பொய் சொன்னேன். "பொய் சொல்லிட்டேன் சார்" என்றேன்.

அவர் நோட்டைத் திறந்து அந்த 'யூசர் ஹேப்பி'யைப் பேனாவால் அடித்தார். சும்மா ஒரு கோடு இல்லை, நாலைந்து தடவை, தாள் கிழிகிற மாதிரி. மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிடவில்லை. அந்த ஒரு காரியத்தைக் குறித்துவைக்கிறேன்.

மே 31, புதன்

புது நிரல் எழுதி முடித்தேன். நிரல் என்று சொல்லவே வெட்கம், அவ்வளவு சின்னது. பெயர்கள் வரிசையாக இருக்கும். சாயங்காலம் தெய்வநாயகியக்கா குச்சிகளை எண்ணி, பையனைச் சைக்கிளில் விட்டு மையத்துக்கு எண்ணிக்கையைச் சொல்லியனுப்புவாள். நாலால் பெருக்கி, நேற்று விட்ட இடத்திலிருந்து அத்தனை பெயரை ஒலிபெருக்கி வாசிக்கும். உடம்பு முடியாதவர் பெயர் அடுத்த நாளுக்குத் தள்ளும். அவ்வளவுதான்.

என் ஒலிபெருக்கியை நம்பி வந்த பக்கத்து ஊர்ப் பதினேழு பேரைப் போ என்று சொல்ல எனக்கு வாயில்லை. எட்டுப் பேர் தாங்களாகவே கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போய்விட்டார்கள். மீதி ஒன்பது பேரையும் சேர்த்தோம். நாற்பத்துமூன்று பெயர். அதனால் எங்கள் தெருவுக்கு வேலை நாள் கொஞ்சம் குறையும். அது என் கைங்கரியம். பெயர் வராதவள் போவதில்லை என்று முடிவான தெருக் கூட்டத்தில் அதையும் சொன்னேன். யாரோ பின்னாலிருந்து, "தெரியுது, தெரியுது" என்றார்கள்.

இன்று சாயங்காலம் அஞ்சு குச்சி. முதல் இருபது பெயர் வாசித்தது. அம்மா இருபத்தாறாவது.

ஏழு மணியிலிருந்து தெருவில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. "ஒருத்தி போனா போச்சு" என்றாள் அம்மா. "ஒருத்தி மட்டும் போனா போதும்."

ஜூன் 2, வெள்ளி

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத நேரம்.

மூன்று மணிக்கு விளக்கு எரிந்தது. அம்மா எழுந்து முகம் கழுவி, கூழைக் கரைத்து, வாளியில் ஊற்றி மூடினாள். அந்த ஒருத்தி எங்கம்மாதானா? நிரல் எழுதினவளின் அம்மாவா? வாளியோடு வாசற்படியில் உட்கார்ந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். போகாதே என்று சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. முறைக்காரிகள் இருபது பேர் தெருவில் நடந்து போனார்கள். எதிர் வீட்டு வாசலிலும் ஒரு விளக்கு, ஒரு வாளி, ஒருத்தி. தெரு முழுக்க அப்படித்தான். ஒருத்தி மற்றவள் வாசலையே பார்த்துக்கொண்டு, விடிகிற வரை. யாரும் எழுந்து போகவில்லை.

அங்கே நடந்ததைத் தெய்வநாயகியக்கா சொன்னாள். இருபது பேரைப் பார்த்ததும் பாவாடைக்கு ஆங்காரமாம். "மத்தவளுங்க எங்க? இந்தக் கிழவிங்களை வச்சி நான் என்னா பண்றது? போங்க, போயி ஆளை வரச்சொல்லுங்க" என்றானாம். யாரும் போகவில்லை. வரப்பில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். ஆம்பளைகள் அஞ்சு பாத்தியையும் வாரிக் குவித்துவிட்டு நிற்கிறார்கள், லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், வெயில் ஏறுகிறது. ஆள் விட்டுத் தெருவுக்குச் சொல்லியனுப்பினானாம். எங்கள் தெருவில் ஒருத்தியும் அசையவில்லை. அதை நானே பார்த்தேன். ஏழு மணிக்கு, "சரி தூக்கித் தொலைங்க" என்றானாம்.

"பொறுக்கறதுக்கு ஆள் இல்லன்னா, அவன் வெறும் வெரல்தான்" என்றாள் தெய்வநாயகியக்கா.

ஜூன் 9, வெள்ளி

பாவாடை மையத்துக்கு வந்து கம்ப்யூட்டரை முறைத்துப் பார்த்துவிட்டுப் போனானாம். அது ஒன்றும் சொல்லவில்லையாம்.

ஜூன் 20, செவ்வாய்

டெமோ. டிரஸ்ட்டிலிருந்து பெரிய ஆள் ஒருவர் ஏ.சி. காரில் வந்தார். டச் ஸ்கிரீன் எங்கே என்றார். தேவநாதன் சித்தார்த்தனைப் பார்த்தார். சித்தார்த்தன் ஓட்டுக்கு விட்டபோது இந்தப் பெயர்ப் பட்டியலுக்கு இரண்டு பாயிண்ட்தான் விழுந்தது. டச் ஸ்கிரீனுக்கு நாற்பது. "வெலாசிட்டி ரொம்ப விழுந்துடுச்சி, ரெண்டு வாரத்துல ரெண்டே பாயிண்ட்டு" என்று என் காதில் புலம்பினார். பெரிய ஆளுக்கு உப்பின் வரலாறு வீடியோ மட்டும் ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு தடவை பார்த்தார்.

சாயங்காலம் அந்த ஆளுக்குக் காட்ட ஒரு 'பயனாளி'யைக் கொண்டுவர வேண்டும் என்றார் தேவநாதன். நான் அம்மாவை அழைத்து வந்தேன். "எங்கம்மா அந்தோணியம்மாள். உப்பளத்துல கூடை சுமக்கறாங்க" என்றேன். அம்மா அந்த ஆளை நிமிர்ந்து பார்த்து, "வணக்கமுங்க. இவ என் பொண்ணு" என்றாள்.

சித்தார்த்தனின் சுவரில் அடுத்த வேலைக்கான அட்டைகள் அதற்குள் ஏறிவிட்டன. மீனவர்களுக்காம். நடுக் கோடு எல்லாம் நிரம்பியிருக்கிறது. ஒரே ஒரு அட்டையில் மட்டும் காலியாக விட்டு, பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். அதற்குப் பாயிண்ட் போடவில்லை. மனிதர் தேறுவாரா? சந்தேகம்தான்.

ஜூலை 5, புதன்

நேற்று மூன்று குச்சி. பன்னிரண்டு பெயர். அம்மா பெயர் வரவில்லை.

மணி ஆறே முக்கால். பஸ்ஸுக்கு நேரமாகிறது. தூக்குவாளி கழுவிக் கவிழ்த்தபடி ஆணியில் தொங்குகிறது. அம்மா முழங்காலை மடக்கி, வாயைக் கொஞ்சம் திறந்து, பாயில் கிடக்கிறாள். வெயில் ஜன்னல் வழியாக அவள் கால் வரை வந்துவிட்டது. விடிந்த பிறகு அம்மா தூங்கி, என் இருபத்தாறு வயசில் இன்றுதான் பார்க்கிறேன்.

எழுப்பவில்லை. கூழை நானே கரைத்துக் குடித்துவிட்டேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போக வேண்டும்.